சபுரா வீட்டுக்கும் போகணுமா?

ஹஜ்ஜுக்குக் கிளம்புமுன் வழக்கப்படி மைமூன் வீடு வீடாக ஏறி மன்னிப்புக் கேட்டாள். அடுத்த வீட்டுக்காரி, கோழியை விரட்டினதை மன்னித்துவிட்டதாகவும், தன்னைப் புறம் பேசினதுக்கு மட்டும் மக்காவிலிருந்து ஒரு கேன் ஜம்ஜம் தண்ணி வேணும் என்றும் கேலி பேசி அனுப்பினாள். ஒரே ஒரு வீட்டுக்குத்தான் மைமூனுக்குக் கால் எழவில்லை.

ஆலிமா ஹுமைராவிடம் போனாள். அவளிடம்தான் மைமூன் மார்க்கம் ஓதுகிறாள். வயதில் இளையவள் என்பதால் ஓதிக்கொடுப்பவளே மைமூனை அக்கா முறையில் லாத்தா என்றுதான் கூப்பிடுவாள்.

விஷயம் இதுதான். ஜமாஅத்து நடத்தும் இலவச டயாலிசிஸ் நிலையத்துக்கு மைமூன்தான் பொறுப்பு. யாருக்கு முதலில் என்று இப்போது ஏஐ மெஷின் சொல்கிறது. சபுராவின் புருஷன் மீராசா வண்டிக்கு வழியில்லாமல் இரண்டு முறை வராமல் போனான். இனியும் வரமாட்டான் என்று மெஷின் அவனைப் பின்னால் தள்ளிவிட்டது. அவனுக்கு மூச்சு வாங்குது என்று சபுரா ஓடி வந்து அழுதாள். மைமூன் கம்ப்யூட்டரை அவள் பக்கம் திருப்பிக் காட்டி, இதுதான் சொல்லுது, நான் என்ன செய்ய என்றாள்.

மறுநாள் மீராசா மூச்சு அடங்கி மவுத்தாகிவிட்டான்.

"தள்ளி வச்சது மெஷின்தானே. அந்த வீட்டுக்கும் நான் போகணுமா?"

ஆலிமா தன் மடியில் தூங்கிப்போன பிள்ளையைப் பாயில் கிடத்தினாள்.

"அது சொன்னதை உங்களால மாத்த முடியுமா லாத்தா?"

"முடியும். ஒரு பட்டன்தான்."

"ஏன் மாத்தல?"

மைமூன் முந்தானையைத் திருகினாள். "மாத்தினா நாளைக்கு என்னைத்தானே கேப்பாங்க."

ஆலிமா பிள்ளையை மாமியாரிடம் விட்டுவிட்டு புர்காவை மாட்டினாள். வாங்க, நானும் கூட வர்றேன் என்றாள்.

சபுரா, புருஷனை இழந்தவள் வெளியே வராமல் இருக்கும் இத்தாவில் இருந்தாள். வாசலில் பழைய புடவை ஒன்று மறைப்பாகத் தொங்கியது. உள்ளே பாத்திரம் கழுவும் சத்தம். மைமூன் படியிலேயே நின்றுவிட்டாள்.

"அவ மன்னிக்கவே மாட்டா ஆலிமாம்மா. பிறகு எதுக்கு நான் போகணும்?"

ஆலிமா புடவையை ஒதுக்கிப் பிடித்தாள்.

"மாட்டேன்னு சொல்றதுக்காவது அவளுக்கு எதிர்ல ஒரு ஆள் வேண்டாமா லாத்தா?"