ஞாயிற்றுக்கிழமை டீசல்

திண்டுக்கல்லில் ஒரு மோட்டார் பம்ப் கம்பெனி இருந்தது. ஊர் ஊராகச் சுற்றும் வண்டிகள் பங்க்கில் காசுக்குப் பதிலாக நீட்டும் டீசல் கார்டைத் தாங்களே தேர்ந்தெடுத்துக்கொள்வது அங்கே வழக்கம்.

அந்த வருஷம் ஒரு வெள்ளை ஜீப்பின் முறை வந்தது. ஜீப், விற்பனைப் பிரதிநிதி அருளப்பனுடையது. அதில் ஊற்றும் டீசல் கம்பெனியுடையது. கணக்கு அதிகாரி சகாயமேரி இரண்டு கார்டுகளைப் பானட்டின் மேல் வைத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார்.

பொன்னிறக் கார்டு முதலில் பேசியது. எந்த பங்க்கிலும் தான் செல்லும் என்றது. புள்ளிகள் சேரும், சேர்ந்தால் பிரஷர் குக்கர் வீடு தேடி வரும் என்றது.

"முக்கியமா ஒண்ணுண்ணே. நான் யாரையும் எதுவும் கேட்க மாட்டேன்."

சாம்பல் நிறக் கார்டுக்கு அந்த நாக்கு இல்லை. ஒரே ஒரு எண்ணெய்க் கம்பெனியின் பங்க்குகளில்தான் அது செல்லும். ஒவ்வொரு முறையும் கிலோமீட்டர் எவ்வளவு, ஓட்டம் ஆபீஸ் வேலையா சொந்த வேலையா என்று கேட்கும். பதில் வராமல் ஒரு சொட்டு இறங்காது.

ஜீப்புக்கு முகம் சுண்டிவிட்டது. "என்னைச் சந்தேகப்படறியா?"

"நான் படலை. படறவங்க பின்னால வருவாங்க. அப்ப உங்க பக்கம் பேச ஒரு சாட்சி வேணும்ல?"

"என் தேஞ்ச டயர் பேசும், போ" என்றது ஜீப். பொன்னிறக் கார்டு டாஷ்போர்டில் ஏறி உட்கார்ந்தது.

சகாயமேரி தடுக்கவில்லை. அருளப்பனிடம் மட்டும் விவரமாகச் சொன்னார். கம்பெனிக்காக ஓடிய டீசலுக்கு வரி இல்லை. சொந்த வேலைக்கு ஓடியது சம்பளத்தோடு சேர்ந்து வரிக்கு வரும். எது எது என்று பிரித்துக் காட்ட, வண்டி ஓட்டத்தை எழுதும் லாக் புக் ஒன்றுதான் வழி, அன்றன்றைக்கு எழுதிவிட வேண்டும். புத்தகம் நம்பும்படி இல்லை என்றால் சொற்பக் கழிவு போக மொத்த டீசலும் அருளப்பன் தலையில் விழும். அருளப்பன், எழுதிவிடலாம் மேடம் என்றார்.

திங்கள் முதல் சனி வரை நத்தம், ஒட்டன்சத்திரம், வேடசந்தூர் என்று பம்ப் கடைகள். ஞாயிறு காலையில் மட்டும் அருளப்பன் டிபன் கேரியரோடு வத்தலக்குண்டு போவார். மகள் ஜெசிந்தா அங்கே ஹாஸ்டலில் தங்கிப் பத்தாவது படித்தாள். பெற்றோரை ஞாயிறுகளில்தான் உள்ளே விடுவார்கள். அவளுடைய பதினோராம் வகுப்புச் சேர்க்கைக்கு மார்ச் மாதச் சம்பளத்தை அவர் மனத்துக்குள் இப்போதே எடுத்து வைத்திருந்தார். வாரத்தில் ஜீப்புக்குப் பிடித்த ஓட்டமும் வத்தலக்குண்டுதான். அந்தப் பெண் வந்ததும் முதலில் அதன் ஹெட்லைட்டைத் துடைத்துவிடுவாள்.

லாக் புக்கின் பாடுதான் மோசம். மாதம் முழுவதும் அதை யாரும் திறப்பதில்லை. கடைசித் தேதியன்று அருளப்பன் மடியில் வைத்து, ஒரே பேனாவால், ஒரே மூச்சில் நிரப்புவார். கிலோமீட்டர் எல்லாம் பூஜ்யத்தில் முடியும். ஞாயிறுகளுக்கு நேரே 'டீலர் சந்திப்பு' என்று எழுதுவார்.

"முப்பது நாள் பட்டினி போட்டுட்டு, முப்பது நாள் சோத்தையும் ஒரே பந்தியில ஊட்டினா எந்த வயிறு தாங்கும்?" என்று லாக் புக் ஜீப்பிடம் அழுதது.

கூட்டினால் சரியாகத்தானே வருகிறது, சும்மா இரு என்று ஜீப் அடக்கிவிட்டது.

வருஷ முடிவில் வரியே நேரில் வந்தது. கத்தும், மிரட்டும் என்று ஜீப் எதிர்பார்த்திருந்தது. வந்ததோ தணிந்த குரலில் பேசும் ஒரு நடுவயது அம்மாள். கொடுத்த காபியைக்கூட வேண்டாம் என்றுவிட்டார். பொன்னிறக் கார்டைத்தான் முதலில் கூப்பிட்டார். அது தேதி, மணி, இடம், லிட்டர் என்று ஒரு வருஷத்தையும் தடங்கலில்லாமல் ஒப்பித்தது. ஞாயிறு காலை எட்டரைக்கு வத்தலக்குண்டு பங்க். மறு ஞாயிறும் அதே பங்க்.

ஜீப் பல்லைக் கடித்தது. "எதுவும் கேட்க மாட்டேன்னியே?"

"கேட்கலையேண்ணே. மறந்துருவேன்னு சொன்னேனா?"

வரி லாக் புக்கைப் புரட்டினார். வத்தலக்குண்டில் ஞாயிற்றுக்கிழமை எந்த பம்ப் கடை திறந்திருக்கும் என்று சகாயமேரியிடம் விசாரித்தார். ஒன்றும் திறக்காது என்றார் சகாயமேரி. எல்லாப் பக்கத்திலும் அதே மை, அதே பூஜ்யம்.

"ஞாயிறு பொய். அப்ப திங்கக்கிழமையை நான் எதை வச்சு நம்பறது?"

ஆறு நாளும் கம்பெனிக்காகவே ஓடினேன், என் டயரைப் பாருங்கள் என்றது ஜீப். வரி உண்மையாகவே குனிந்து பார்த்தார். விரலால் தடவியும் பார்த்தார்.

"நல்லாத்தான் தேஞ்சிருக்கு. யாருக்காகத் தேஞ்சதுன்னு இதுல இல்லையே."

கழிவு போக, வருஷத்து டீசல் முழுவதும் அருளப்பனின் சம்பளத்தில் ஏறியது. அதற்கான வரியைப் பிடித்த பிறகு மார்ச் மாதச் சம்பளத்தில் கைக்கு வர அநேகமாக ஒன்றுமில்லை.

அப்போதுதான் அருளப்பன் வாயைத் திறந்தார். "மக ஹாஸ்டல்ல இருக்காம்மா. ஞாயித்துக்கிழமைதான் பார்க்க விடுவாங்க."

வரி கண்ணாடியைக் கழற்றினார். "இதையே எழுதியிருக்கலாமே. பிள்ளையைப் பார்க்கப் போறது குத்தமா? அந்த ஞாயிறுகளுக்கு மட்டும்னா, ஒரு மாச ஹாஸ்டல் சாப்பாட்டுக் காசோட போயிருக்கும்." கண்ணாடியை மாட்டிக்கொண்டு அடுத்த வண்டியிடம் நடந்தார்.

அடுத்த ஞாயிறு ஜீப் வீட்டு வாசலில் நின்றது. அருளப்பன் பஸ்ஸில் போனார்.

ஹாஸ்டல் கேட்டுக்கு வெளியே எட்டிப் பார்த்துவிட்டு ஜெசிந்தா கேட்டாள், "ஜீப் எங்கப்பா?"

"கம்பெனி வேலையாப் போயிருக்கும்மா" என்றார் அருளப்பன்.