பூசணியக்காவும் வானத்து ஓட்டையும்

தென்துருவத்துப் பனிக்கட்டி மேல பூசணின்னு ஒரு கடல்நாய். பேருக்கேத்த உடம்பு. நாள் பூரா வெயில்ல மல்லாந்து கிடக்கும். பக்கத்துல பொறந்து பத்தே நாளான அதோட குட்டி, பேரு உருண்டை.

ஒருநாள் தத்தான்ங்கற பெங்குவின் விழுந்தடிச்சு ஓடி வந்துச்சு.

"பூசணியக்கா! வசந்தம் வந்தாச்சு, வானத்துல ஓட்டை விழுந்தாச்சு! குட்டியை நிழலுக்குக் கொண்டுபோங்க!"

பூசணி ஒத்தைக் கண்ணைத் திறந்துச்சு. "ஓட்டையா? எங்கடா? விரல் நீட்டிக் காட்டு!"

"எனக்கு ஏதுக்கா விரல்? அது கண்ணுக்குத் தெரியாது. மேல வெயிலை வடிகட்ட ஓசோன்னு ஒண்ணு இருக்கு. மனுசங்க ஃப்ரிட்ஜுலயும் ஸ்ப்ரே டப்பாவுலயும் அடைச்ச வாயு போய் அதைத் தின்னுடுச்சு. வருசா வருசம் இப்ப ஓட்டை விழும், கோடையில மூடிக்கும். அதுவரைக்கும் வெயில் தோலை எரிக்கும், கண்ணைக் கெடுக்கும்!"

"எரிக்குமா? எனக்குக் குளிருதுடா! போ, போய் உன் ஆளுங்களோட வட்டம் சுத்து!"

பெங்குவின்களுக்கு அப்படி ஒரு வழக்கம். நெருக்கி வட்டம் கட்டி நிக்கும். வெளிய நிக்கறது உள்ள வரும், உள்ள நிக்கறது வெளிய போகும். பூசணிக்கு அதைப் பார்த்தாலே சிரிப்பு. "சோலியத்த பசங்க!"

மூணாம் நாள் உருண்டைக்குக் கண்ணு வீங்கிடுச்சு. தண்ணியாக் கொட்டுது. "அம்மா, எரியுதும்மா!"

பூசணிக்குக் கொழுப்பெல்லாம் ஆடிப்போச்சு. குட்டிக்கு நீந்தத் தெரியாது, கடல்லயும் இறக்க முடியாது. ஒரு பனிப்பாறை நிழலுக்கு இழுத்துட்டுப் போய்ப் படுக்க வெச்சுது. கண்ணசந்து முழிச்சா, குட்டி மறுபடி வெயில்ல! அந்த ஊர்ல சூரியன் மறையாம வானத்தைச் சுத்தி வரும். நிழலும் கூடவே நகரும். நாலு தடவை இழுத்துச்சு. அஞ்சாவது தடவை மூச்சு வாங்கி விழுந்துடுச்சு.

"டேய் தத்தான்! வட்டம் சுத்த வாங்கடா!"

"யாரு, சோலியத்த பசங்களா?"

"சொன்ன வாயை நானே அடிச்சுக்கறேன்! குட்டிக்குக் கண்ணு போயிடும்டா!"

அவ்வளவுதான். நாப்பது பெங்குவின் குட்டியைச் சுத்தி நின்னுச்சு. முதுகு வெயிலுக்கு, மூஞ்சி குட்டிக்கு. களைச்சது உள்ள வர, தெம்பானது வெளிய போச்சு. சூரியன் எந்தப் பக்கம் போனாலும் குட்டி நிழல்லயே இருந்துச்சு.

வீக்கம் வடிஞ்சு உருண்டை கண்ணைத் திறந்துச்சு. முதல்ல தெரிஞ்சது தத்தானோட தொப்பை. அப்புறம் வானம்.

"அம்மா, ஓட்டை எங்கம்மா?"

"தெரியாதுடா தங்கம். ஆனா இருக்கு. தலையை உள்ள இழு!"

கண்ணுக்குத் தெரியாத ஆபத்தைச் சொல்ல வந்தவனைப் பார்த்து நாம சிரிச்சா, கடைசியில அழறது நம்ம குட்டிதான்.