திரைக்குப் பின்னால் இரண்டு குரல்

முன்னொரு காலத்தில் கருவூரணி நாட்டை மகுடவர்மன் என்றொரு ராஜா ஆண்டான். எதையாவது அளக்காவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது. போன வாரம் பட்டத்து யானையின் கொட்டாவியை முழம் போட்டான். இந்த வாரம், "நம் ஏரிப் பொறியாளர் சபையில் பன்னிரண்டு ஆசனம். பெண்கள் எத்தனை?" என்று கேட்டுவிட்டான்.

சபைத் தலைவர் அகோரநாதர் கனைத்தார். "சரிபாதி, அரசே! ஆசனத்தில் பன்னிரண்டு ஆண்கள். சுவரோவியத்தில் பன்னிரண்டு தேவிகள்."

"ஓவியம் மதகு கட்டுமாங்காணும்?"

"தகுதியான பெண் வரவில்லையே! எங்களிடம் ஓரவஞ்சனை கிடையாது. முகம் பார்த்து மயங்கக் கூடாதென்று, திரைக்குப் பின்னால் நிறுத்தித்தான் திட்டத்தை வாசிக்கச் சொல்கிறோம்!"

"அப்படியா? நாளை நானே வந்து அளக்கிறேன்."

மறுநாள் ராஜா வந்து சபையில் உட்கார்ந்தான். திரைக்குப் பின்னால் நின்றவள் நல்லமங்கை. ஆறு ஏரிகளுக்கு மதகு வைத்தவள். ஏற்கெனவே இரண்டு முறை தள்ளிவிட்டார்கள். மூன்றாம் முறையும் தள்ளினால் ஆயுசுக்கும் அந்த வாசலை மிதிக்க முடியாது, சபை விதி.

வாசித்து முடித்தாள்.

"கீச்சுக் குரல்!" என்றார் ஒருவர். "கணக்கு யார் போட்டுக் கொடுத்ததோ?" என்றார் இன்னொருவர். "பிள்ளைகள் எத்தனை, தாயி?"

"மூன்று, ஐயா."

"அடடா, அடுப்பை யார் பார்ப்பது?"

பன்னிரண்டு பேரும் கையை விரித்தார்கள். அவ்வளவுதான். பதினாறு வருஷம் சேற்றில் நின்றவள் அழுகையை விழுங்கினாள். குரல் கரகரத்துப் போனது.

"அடுத்து யாரப்பா?"

"மருதங்காட்டு வேங்கடனுங்க!" திரைக்குள்ளிருந்து கட்டைக் குரல் கிளம்பியது. அதே ஓலை, அதே கணக்கு.

"ஆகா, சிங்கம்!" "கணக்கு என்ன சுத்தம்!" "பிள்ளைகள் எத்தனை, தம்பி?"

"மூணுங்க."

"குடும்பஸ்தன்! பொறுப்பானவன்!"

பன்னிரண்டு கையும் உயர்ந்தன. நல்லமங்கை திரையை விலக்கினாள்.

"அளந்தாயிற்று, அரசே. பெண் குரலுக்குச் சுழியம், ஆண் குரலுக்குப் பன்னிரண்டு. ஓரவஞ்சனையின் நீளம் முழுசாகப் பன்னிரண்டு."

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தான். அகோரநாதரை எழுப்பிவிட்டு, அவர் ஆசனத்தில் அவளை உட்கார வைத்தான்.

"இதற்கு முன் தள்ளப்பட்ட பெண்கள் எத்தனை பேர்?" என்று கேட்டாள்.

"தேறியவர்களை மட்டுந்தானம்மா எழுதி வைப்போம்," என்றார் சபை எழுத்தர். ராஜாவோ மயில் தோகையை அளக்கக் கிளம்பியிருந்தான்.

முதல் கூட்டம். வெளியே மழை கொட்டுகிறது. "கீழ்க்கரையில் விரிசல் விட்டிருக்கிறது," என்றாள் நல்லமங்கை. வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த பதினொரு பேரில் ஒருவரும் நிமிரவில்லை. மறுபடி சொன்னாள். சுண்ணாம்பு கேட்டார் ஒருவர்.

கண்ணை மூடிக்கொண்டு, கட்டைக் குரலில் சொன்னாள். பதினொரு தலையும் சட்டென்று நிமிர்ந்தன.

"இதை முதலிலேயே சொல்லக் கூடாதா?"