கோரைக்குளத்து ஏற்றுமதி

மலையடிவாரத்துக் குளம் ஒன்றில் செம்மூக்கி என்ற நீர்க்கோழி ஐந்து குஞ்சுகளோடு வாழ்ந்து வந்தது. குளத்தைச் சுற்றி அடர்த்தியாகக் கோரை வளர்ந்திருந்தது. மேலே பருந்து வட்டமிட்டால் போதும், குஞ்சுகள் சட்டென்று கோரைக்குள் புகுந்து மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்துகொள்ளும். அப்படியும் செம்மூக்கிக்குப் பயம் விடாது. நாளைக்குப் பத்துத் தடவையாவது குஞ்சுகளை எண்ணிப் பார்த்துக்கொள்ளும்.

ஒரு நாள் மலைக்குரங்கு ஒன்று வாழைச் சீப்போடு வந்தது.

"பாறையில் படுத்துப் படுத்து முதுகு வலிக்கிறது. ஒரு கட்டுக் கோரை கொடுங்கள், ஒரு சீப்புப் பழம் தருகிறோம்!"

குளமே நாக்கில் எச்சில் ஊறச் சம்மதித்தது. நீர்நாய் கோரையை அறுத்துக் கட்டியது. இரண்டாம் மாதக் கடைசியில் மீன்கொத்தி பட்டமரத்தில் உட்கார்ந்து அறிவித்தது.

"போன மாதம் ஏற்றுமதி பத்துக் கட்டு, இந்த மாதம் இருபது! இறக்குமதியும் இருபது சீப்பு! குளம் வளர்கிறது!"

தவளைகள் ஆரவாரம் செய்தன. புழு, நத்தை தேடுவதையே குஞ்சுகள் மறந்துவிட்டன.

மூன்றாம் மாதம் குரங்கு உதட்டைப் பிதுக்கியது. "எங்கள் மலையில் கோரை குவிந்து கிடக்கிறது. இனி இரண்டு கட்டுக்குத்தான் ஒரு சீப்பு!"

"அவ்வளவுதானே? இரண்டு மடங்கு அறுத்தால் போச்சு!" என்றது நீர்நாய்.

"ஏற்றுமதி நாற்பது! இதுவரை காணாத உச்சம்!" என்று கூவியது மீன்கொத்தி.

செம்மூக்கி மீன்கொத்தியிடம் மெல்லக் கேட்டது. "அண்ணே, வடகரை மொட்டையாகிக் கிடக்கிறதே. அதை யாரும் பார்க்கவில்லையா?"

"உனக்கு எதைப் பார்த்தாலும் பயம், தங்கச்சி! இலை அசைந்தாலும் பருந்து என்பாய்!"

எல்லோரும் சிரித்தார்கள். செம்மூக்கி போய்க் குஞ்சுகளை இன்னொரு தடவை எண்ணியது.

கடைசியில் அதன் கூட்டைச் சுற்றி மட்டும்தான் கோரை மிஞ்சியது. நீர்நாய் அங்கேயும் வந்து நின்றது.

"இது வேண்டாம் அண்ணே, பிள்ளைகள் இருக்கிற இடம்."

"உன் ஒருத்திக்காகக் குளமே பட்டினி கிடக்கணுமா?"

"அம்மா, பழம்!" என்று சிணுங்கியது கடைக்குட்டி. முந்தின நாளிலிருந்தே அது சரியாகச் சாப்பிடவில்லை. செம்மூக்கி அதன் முகத்தைப் பார்த்தது.

"பாதி மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், அண்ணே."

மறுநாள் காலையில் தண்ணீரின் மேல் நிழல் விழுந்தது.

"உள்ளே ஓடுங்கள்!"

நான்கு குஞ்சுகள் மிச்சக் கோரைக்குள் நுழைந்துவிட்டன. கடைக்குட்டி மட்டும் பழக்கதோஷத்தில் அறுத்த பக்கமே ஓடியது. அங்கே கோரையின் வெறும் அடிக்கட்டைகள்தான் நின்றன. அம்மா சொல்லிக்கொடுத்தபடியே அது தலையைத் தாழ்த்தி, கண்ணை மூடி, அசையாமல் உட்கார்ந்தது.

பருந்து சிரமப்படவே இல்லை.

மறுமாதம் மீன்கொத்தி தொண்டையைச் செருமியது. "இந்த மாதம் ஏற்றுமதி..."

செம்மூக்கி பட்டமரத்தடியில் வந்து நின்றது.

"அண்ணே, என் கடைக்குட்டியை எதில் சேர்த்தீர்கள்? ஏற்றுமதியிலா, இறக்குமதியிலா?"

நீர்நாய் தண்ணீருக்குள் தலையை இழுத்துக்கொண்டது. கரையில் இறக்கி வைத்த பழத்தை அன்று யாரும் தொடவில்லை. அது கறுத்து, எறும்பு மொய்த்தது.

போனதையும் வந்ததையும் மட்டும் எண்ணி, மிச்சம் இருப்பதை எண்ணாத ஊர், கடைசியில் தன் பிள்ளைகளையே விலையாகக் கொடுக்கும்.