குழலின் அடிப்பக்கம்

"'அண்ணே, அந்தத் துப்பாக்கி லண்டன் கிடையாது. பெல்ஜியம் சரக்கு. அப்பா நம்மகிட்ட பொய் சொல்லிருக்காவ.' அப்படியே சொன்னாம்மா என் தம்பி. அப்பாவைப் புதைச்ச ஈரம்கூடக் காயலை. மனுசன் பேசுத பேச்சா அது?"

ஞானசிகாமணி இந்தக் குற்றச்சாட்டைச் சொல்வது நூறாவது தடவையாக இருக்கும். ஓர் எழுத்து மாறாது.

"வெளிய போலேன்னேன். போயிட்டான். இருபத்திரண்டு வருசமாச்சு."

"போகச் சொன்னா போகத்தான் செய்வாவ. அந்த எண்ணெய்த் துணியை இப்படித் தள்ளுங்க அண்ணாச்சி," என்றாள் ரெஜினா.

பாளையங்கோட்டையில் அவள் வைத்திருப்பது துப்பாக்கிக் கடை. அவளுக்கு நாற்பது வயது, அவருக்கு அறுபத்து நான்கு. ஆனாலும் குரு அவள்தான், சீடர் அவர்தான். தெரு சிரித்தது. தெருவுக்கு வேறு என்ன வேலை.

தாலுகா ஆபீசிலிருந்து ஓய்வு பெற்று, மனைவியையும் கல்லறைத் தோட்டத்தில் விட்டுவிட்டு, ஒற்றை ஆளுக்கு உலை வைத்துச் சலித்துப்போன ஒரு நாளில் அவர் இங்கே வந்து நின்றார். பழைய இரட்டைக்குழல் துப்பாக்கியை யார் செய்தது, எந்த ஊரில் செய்தது என்று கண்டுபிடிக்கச் சொல்லித் தா என்று கேட்டார். காரணம் ஒன்றே ஒன்று. அப்பாவின் துப்பாக்கி லண்டன் என்று நிரூபித்தாக வேண்டும். அப்பா வேலை பார்த்த எஸ்டேட்டின் வெள்ளைக்காரத் துரை ஊருக்குக் கப்பலேறும்போது அவருக்குக் கொடுத்துவிட்டுப் போன துப்பாக்கி. இரண்டு குழல்களுக்கும் நடுவே ஓடும் மேல்பட்டையில் பொன்னெழுத்தில் லண்டன் என்றே இருக்கிறது.

"மேலே உள்ளதைப் படிக்காதீங்க," என்றாள் ரெஜினா முதல் நாளே. "பேரை எவனும் வெட்டிக்கிடலாம். குழலைக் கழற்றித் திருப்புங்க. செஞ்ச ஊர்ல வெடிச்சுச் சோதிச்சு, அடியில முத்திரை குத்திருப்பான். அது பொய் சொல்லாது."

மூன்று வருடம் படித்தார். கடைக்கு வந்துபோன துப்பாக்கிகளின் நம்பர் எல்லாம் அவருக்கு வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம். ஆனால் "உங்களதைக் கொண்டாங்க" என்றால் மட்டும் ஒரு நாள் மழை என்பார், ஒரு நாள் முழங்கால் என்பார். வீட்டில் அதன் மேல்பக்கத்தைத் துடைப்பதோடு சரி. கழற்றுவதே இல்லை.

தேர்தல் வந்தது. லைசென்ஸ் துப்பாக்கிகளை எல்லாம் போலீஸிலோ துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு. சுற்றுவட்டாரத்துத் துப்பாக்கிகளில் பாதி ரெஜினாவின் கடைக்கு வந்து குவிந்தன. அவருடையதும் உறை பிரிக்காமல் வந்தது. சர்க்கார் உத்தரவுக்கு முன்னால் முழங்கால் எடுபடுமா.

இன்று காலை ரெஜினா மேஜைமேல் கம்பளி விரித்து, ஐந்து ஜோடிக் குழல்களைக் கவிழ்த்து வைத்திருந்தாள். கட்டை இல்லை, விசை இல்லை. பொன்னெழுத்தெல்லாம் கம்பளிக்குள்ளே. அடிப்பக்கம் மட்டும் மேலே.

"தம்பியை ஏசினது போதும். இதைச் சொல்லுங்க."

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"பர்மிங்ஹாம். கிரீடம், குறுக்கே ரெண்டு செங்கோல்."

"அடுத்தது."

"இதுவும் அதே ஊருதான்."

"அடுத்தது."

"பெல்ஜியம். முட்டைக்குள்ள மூணெழுத்து, கீழே நட்சத்திரம். குருடன்கூடச் சொல்லிருவான்." உதட்டைச் சுழித்தார். "மேலே லண்டன்னு பேரை வெட்டி எந்த இளிச்சவாயன் தலையிலயோ கட்டிருப்பானுவ."



நான்காவதை எடுப்பதற்காக அதை நகர்த்தினார். குழல்வாய் ஓரத்தில் ஒரு சின்னப் பள்ளம் கட்டைவிரலில் தட்டியது. விரல் அங்கேயே நின்றுவிட்டது.

கிணற்றுப் படியில் விழுந்த பள்ளம். அவருக்குப் பன்னிரண்டு வயது, தம்பி ஜெபசிங்குக்கு எட்டு. துப்பாக்கியைக் கீழே போட்டது அவர். அப்பா பிரம்பை எடுத்தபோது, "நான்தாம்ப்பா," என்று முன்னால் போய் நின்றது தம்பி.

அவர் குழலைத் திருப்பிப் பார்க்கவில்லை. பார்க்க என்ன இருக்கிறது.

பள்ளத்திலிருந்து விரலை எடுக்காமலே, "அப்பா பொய் சொல்லிருக்காவளாம்மா?" என்றார்.

"துரை சொன்னதைச் சொல்லிருக்காவ. திருப்பிப் பார்க்கலை. அவ்வளவுதான்."

"கழற்றினப்பவே நீயாவது சொல்லிருக்கலாம்லா. என் வாயாலயே சொல்ல வச்சிட்டியே."

"சொன்னவரைத்தான் வெளிய போலேன்னீங்களே அண்ணாச்சி."

அவர் தலை குனிந்தது. ஜெபசிங் தூத்துக்குடியில் இருப்பதாகக் கேள்வி. கேள்விதான்.

ரெஜினா கையைத் துடைத்துவிட்டுக் கடை போனை எடுத்தாள்.

"தம்பி நம்பரைச் சொல்லுங்க. நான் போடுதேன்."

அவர் வாயைத் திறந்தார். கம்பளிமேல் கிடந்த ஐந்து துப்பாக்கிகளின் நம்பரும் வரிசையாக வந்து நின்றன. தம்பி நம்பர் அதில் இல்லை.

ரெஜினா எண்கள்மேல் விரலை வைத்தபடி காத்திருந்தாள்.

"சொல்லுங்க அண்ணாச்சி," என்றாள்.