தூக்குப்போசியின் கீழடுக்கு

"இந்த ஊர் திருந்தாதுங்கம்மா," என்றார் சென்னியப்பன்.

கரட்டு மடத்து அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை.

சென்னியப்பனுக்கு அறுபது வயது. பனியன் கம்பெனி முதலாளி. அம்மாவுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. ஆனாலும் அவர்தான் குரு, இவர்தான் சீடர். மாதம் ஒருமுறை அந்தக் கரட்டுக் குன்றில் ஏறி வந்து மனதில் இருப்பதைக் கொட்டிவிட்டுப் போவார். அம்மா அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவார். அது மரியாதையா கேலியா என்று அவருக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

இன்றைக்குக் கொட்ட நிறைய இருந்தது.

போன மாதம், வடக்கிலிருந்து பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்து இறங்கியிருக்கிறார்கள் என்று ஊரிலிருந்த செல்போனுக்கெல்லாம் ஒரு செய்தி வந்தது. மறுநாளே, அழுகிற குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கடைவீதியில் போன பிர்ஜுவைப் பிடித்து, விளக்குக் கம்பத்தில் கட்டிவைத்து அடித்தார்கள்.

அது அவனுடைய சொந்த மகள். காய்ச்சலுக்கு மருந்து வாங்கப் போயிருந்தான்.

பிர்ஜு பீகார்க்காரன். சென்னியப்பன் கம்பெனியில் டெய்லர். தமிழ் நன்றாகவே பேசுவான். அன்றைக்கு அவன் பேசியது யார் காதிலும் விழவில்லை.

கூட்டத்துக்குள் புகுந்து கட்டை அவிழ்த்தவர் சென்னியப்பன்தான். சட்டை கிழிந்தது, தோளில் இரண்டு அடியும் விழுந்தது. இதைச் சொல்லாமல் விட்டால் அவருக்குச் செய்கிற அநியாயம்.

அதோடு அவர் நிற்கவில்லை. நல்லிணக்கக் குழு ஆரம்பித்தார். பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்ப் பேசினார். பஸ் ஸ்டாண்டில் பேனர் வைத்தார். போன ஞாயிற்றுக்கிழமை கல்யாண மண்டபத்தில் சமபந்தி விருந்து. பிர்ஜுவையும் அவன் மனைவி புல்மதியையும் நடு வரிசையில் உட்காரவைத்துத் தன் கையாலேயே பாயசம் ஊற்றினார். பேப்பரில் போட்டோ வந்தது.

"இத்தனையும் பண்ணிப்போட்டு என்னங்கம்மா பிரயோசனம்? பிர்ஜு குடும்பத்தோட இன்னிக்குச் சாயங்கால ரயில்ல ஊருக்கே போறேங்கறான். ஏன்டான்னு கேட்டா தலையக் குனிஞ்சுக்கறான். ஒரு ஊரு மனசுல இருக்கற வெறுப்ப எடுக்க என்னதானுங்க வழி?"

"சாப்பிட்டுப் பேசலாங்கண்ணா," என்றார் அம்மா.

இலை போட்டார். உள்ளே போய் ஒரு தூக்குப்போசியை எடுத்து வந்தார். இரண்டு அடுக்குப் போசி, கைப்பிடியில் சிவப்பு நூல் சுற்றியிருந்தது.

சென்னியப்பன் அதை எங்கேயோ பார்த்திருந்தார்.

மேலடுக்கில் மைசூர்பாகு. அவர் வீட்டுத் தெருமுனைக் கடையின் மைசூர்பாகு. அம்மா இலையில் ஒன்று வைத்தார்.

பிறகு கீழடுக்கைத் திறந்து, ஒரு கோதுமை உருண்டையை எடுத்து வைத்தார். சுட்ட உருண்டை. இலையில் டொக்கென்று விழுந்தது.

"என்னதுங்கம்மா இது?"

"லிட்டின்னு அவங்க ஊருப் பலகாரம். உங்களுக்கு வந்ததுதானுங்கண்ணா."

சென்னியப்பனுக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது.

விருந்துக்கு மறுநாள் புல்மதி கொடுத்தனுப்பிய போசி அது. பிர்ஜுவே கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனான். வீட்டில் யாரும் இல்லை. சென்னியப்பன் மூடியைத் திறந்து பார்த்தார். ஏதோ கத்திரிக்காய் மசியல். கடுகெண்ணெய் வாசம். கொல்லைக் குப்பைத் தொட்டியில் கொட்டி, கழுவி, மைசூர்பாகு வாங்கி நிரப்பி, அவனிடமே திருப்பிக் கொடுத்தார். பலகாரம் வந்த பாத்திரத்தை அவர் வீட்டில் வெறுமனே திருப்பிக் கொடுக்கிற வழக்கம் எந்தக் காலத்திலும் இல்லை.

கீழே இன்னொரு அடுக்கு இருப்பதை அவர் பார்க்கவே இல்லை. சாப்பிடுகிறவன்தானே பார்ப்பான்.

"காலையில பிர்ஜு ஊருக்குப் போறேன்னு சொல்லிட்டுப் போக வந்தவன், இத வெச்சுட்டுப் போனானுங்க," என்றார் அம்மா. "'நல்லா இருந்துச்சா சார்'னு உங்களக் கேட்டானாமா. ரொம்ப நல்லா இருந்துச்சுன்னு சொன்னீங்களாமா. அப்பறம் வீட்டுக்குப் போயிக் கீழடுக்கத் தொறந்திருக்காங்க. லிட்டி அப்படியே இருந்துச்சாமா."

சென்னியப்பன் இலையிலிருந்த மைசூர்பாகைப் பார்த்தார்.

"புருசனக் கம்பத்துல கட்டி அடிச்சப்பக்கூட அந்தப் புள்ள புல்மதி ஊருக்குப் போலாம்னு சொல்லலயாமா. இதப் பாத்துட்டுத்தான் மூட்டையக் கட்டுச்சாமா. 'இனி சார் மூஞ்சிய எப்படிப் பாக்கறது, எனக்கு வெக்கமா இருக்கு'ன்னான் பிர்ஜு."

"அவனுக்கு எதுக்குங்கம்மா வெக்கம்?"

அம்மா உருண்டையை இலையில் அவர் பக்கமாகத் தள்ளிவைத்தார்.

சென்னியப்பனுக்குக் காது சுட்டது. எழுந்து போய்விடலாமா என்றிருந்தது. எங்கே போவது? ஊர் முழுக்க அவர் பேனர்.

"அவங்க மேல எனக்கு ஒரு வெறுப்பும் கெடையாதுங்கம்மா," என்றார் கடைசியில். "எங் கையால ஆயிரம் பேத்துக்குப் போடுவேனுங்க. ஆனா அவங்க வீட்ல ஆக்குனத எடுத்து வாயில வெக்க... கை போகலீங்க."

"எனக்கும்தானுங்கண்ணா."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"காலையில ஒண்ண எடுத்தேன். மோந்து பாத்துட்டுத் திருப்பி வெச்சுட்டேன். கீரை ஆய உக்காந்தா மனசு ஒப்பல. நீங்க வர்றதுக்குச் செத்த முன்னாடிதான் தின்னேன்."

வந்ததிலிருந்து அம்மா ஏன் தன் முகத்தைப் பார்க்கவில்லை என்பது அவருக்கு அப்போதுதான் விளங்கியது.

சென்னியப்பன் உருண்டையைத் தண்ணீரில் நனைத்துக் கடித்தார். பல் வலித்தது. உள்ளே வறுத்த கடலை மாவு, பூண்டு, ஓமம். மெல்ல மெல்ல ருசி இறங்கியது.

ரொம்ப நன்றாக இருந்தது. கேவலமாகவும் இருந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது, அதைத் துடைக்கவும் இல்லை.

மிச்சமிருந்ததையும் ஒன்று விடாமல் தின்று முடித்தார். இரண்டு அடுக்கையும் தானே கழுவினார்.

வெயில் சாயத் தொடங்கியிருந்தது.

"நேரா ஸ்டேஷனுக்குப் போறேனுங்கம்மா. மடத்துல எது இருந்தாலும் இதுல போட்டுக் குடுங்க. போசிய வெறுமனே திருப்பிக் குடுக்கக் கூடாது."

அம்மா போசியை வாங்கவில்லை.

"வெறும் போசியோடயே போங்கண்ணா."

"வெறும் போசிய நீட்டிட்டு என்னன்னுங்க சொல்றது?"

"ரயில்ல திங்கறதுக்குன்னு அந்தப் புள்ள கட்டி வெச்சிருக்கும். அதுல உங்களுக்கு ரெண்டு போடச் சொல்லிக் கேளுங்க."