கடைசி அறைக் குளிர்

குலவீரசிங்கம் அன்று மாலை அம்மாவிடம் உபதேசம் கேட்கப் போகவில்லை. சண்டை பிடிக்கத்தான் போனார்.

அம்மா சமையலறை மேசையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். மடத்துக்கு அவர்தான் குரு. வயது நாற்பத்தைந்து இருக்கும். குலவீரசிங்கத்துக்கு அறுபது தாண்டிவிட்டது. சீடர் குருவை "அம்மா" என்பார், குரு சீடரை "அண்ணை" என்பார். சுவிஸ் மலைக்கிராமம் ஒன்றில், பழைய பண்ணைவீட்டில் நடந்துவந்த அந்தச் சிறிய மடத்தில் இது யாருக்கும் புதினமாகப் படவில்லை.

"மேல அந்த மனிசன் குளிரில விறைச்சுச் சாகுது. நீங்கள் இதில இருந்து கீரை ஆயிறியள்" என்றார் குலவீரசிங்கம்.

"அவருக்குத்தான் கீரை, அண்ணை" என்றார் அம்மா.

குலவீரசிங்கம் சொன்ன மனிசன் சின்னத்தம்பியர். மேல்மாடியில் கடைசி அறை. ஊரில் பேருந்து ஓட்டியவர். நெஞ்சுச் சளியோடு மாடிப்படி இறங்க முடியாமல் கட்டிலோடு கிடந்தார். குளிர் அந்த நெஞ்சுக்கு ஆகாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். மகள் சுகந்தினி நாளைக் காலை காரோடு வந்து, அறை இப்படியே கிடந்தால் தகப்பனை நகரத்து முதியோர் இல்லத்துக்குக் கூட்டிப்போகப் போகிறாள். அவளில் பிழை சொல்ல முடியாது. இல்லம் நல்ல இல்லம்தான், சூடு நிறைய இருக்கும். தமிழ் தெரிந்த ஒருவரும் இருக்க மாட்டார். சின்னத்தம்பியர் ஒன்றைத்தான் கெஞ்சிக் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசி நேரத்தில் தண்ணி என்றால் விளங்கித் தண்ணி தர ஓர் ஆள் பக்கத்தில் வேண்டும் என்றார்.

வீட்டுக்குச் சூடு இல்லாமலும் இல்லை. ஹைசுங் என்று அந்நாட்டுத் தமிழர் சொல்லும் ஏற்பாடு அது. நிலவறையில் ஒரு கொதிகலன் தண்ணீரைச் சுடவைக்கும். பம்ப் ஒன்று அதைக் குழாய்வழியே அறைகளுக்கு அனுப்பும். சன்னலுக்குக் கீழே நிற்கும் இரும்புத் தகடுகள் அந்தத் தண்ணீரில் சூடேறி அறையைச் சூடாக்க வேண்டும். மார்கழி பிறந்ததிலிருந்து அதுதான் நடக்கவில்லை. பகலில் ஓரளவு சுட்ட தகடுகள், பொழுதுபட்டால் பச்சைத் தண்ணீராய்க் கிடந்தன.

குலவீரசிங்கம் சும்மா இருக்கிற ஆள் அல்ல. தொழிற்சாலையில் இயந்திரங்களோடு மாரடித்த கை. ஒவ்வொரு தகட்டிலும் ஆணியைத் திருகி உள்ளே அடைபட்ட காற்றை வெளியேற்றினார். கறுப்புத் தண்ணீர் பீய்ச்சி அடித்து இரண்டு வேட்டி பாழானது. தண்ணீரின் அழுத்தம் பார்த்தார், சரியாக இருந்தது. தகடுகளுக்குத் தண்ணீர் விடும் திருகுகளை எல்லாம் முழுக்கத் திறந்துவிட்டார். ஒன்றும் மாறவில்லை.

மெக்கானிக் வந்தான். அவன் வந்தது பின்னேரம் மூன்று மணிக்கு. அந்த நேரம் பார்த்துக் கொதிகலன் உறுமிக்கொண்டு நின்றது, தகடுகள் எல்லாம் சுட்டன. ஒரு பிழையும் இல்லை என்று சொல்லிக் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டான். அவன் கார் வளைவு தாண்டி, விளக்கு வைக்கிற நேரம் வந்ததும் வீடு மறுபடி விறைத்தது. வந்தவனுக்கு முன்னால் நல்ல பிள்ளை வேஷம் போடும் இயந்திரத்தை என்ன செய்வது? குலவீரசிங்கத்துக்கு அதன்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சம் அல்ல. பிறகு மெக்கானிக்கின்மேல் வந்தது. பிறகு சன்னலைத் திறந்து வைப்பவர்கள்மேல். அவர் பார்த்தமட்டில் ஒருவரும் திறக்கவில்லை, ஆனாலும் வந்தது.

கடைசியில் அவர் முருகனிடம் போனார். சாமியறைதான் அந்த வீட்டின் பெரிய அறை. மார்கழி பிறந்த நாளிலிருந்து அங்கே மாலைப் பூசைக்கு அவர் ஒரு வரிசை அகல் ஏற்றிவந்தார். சின்னத்தம்பியரின் அறைக் குளிர் போகவேண்டும் என்று நேர்ந்து, ஒவ்வொரு மாலையும் விளக்குகளைக் கூட்டிக்கொண்டே போனார். படத்துக்குக் கீழே படி முழுக்க அகல் நிறைந்துவிட்டது. வீடு குளிரக் குளிர அவர் கூட்டினார். விளக்குகள் விடியும்வரை எரியவேண்டும், பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று பாயைக் கொண்டுவந்து அங்கேயே படுத்தார். போர்வை தேவைப்படவில்லை.

மடத்தில் இருந்த மற்றவர்களும் கம்பளியைச் சுற்றிக்கொண்டு பூசைக்கு வந்து கூடினார்கள். சாமியறைக்குள் வந்தால்தான் உயிர் வருகிறது என்றார்கள். முருகன் தன் இடத்தையாவது கைவிடவில்லை என்று குலவீரசிங்கம் உள்ளுக்குள் பூரித்தார்.

வராதவர் அம்மா ஒருவர்தான். பூசை நேரத்தில் எல்லாம் அவர் மேலே, கடைசி அறையில், சுடுதண்ணீர்ப் பையோடு சின்னத்தம்பியரின் காலடியில் இருந்தார். ஒரு மடத்துக் குரு பூசைக்கு வராமல் இருக்கலாமா? குலவீரசிங்கத்தால் அதைப் பொறுக்கவே முடியவில்லை.

அதைத்தான் அன்று கேட்கப் போனார்.

"இவ்வளவு விளக்கேத்தி நான் மன்றாடுறன். நீங்கள் ஒருநாளாவது வந்து நிண்டனீங்களோ? முருகனுக்குக் காது கேக்கேல்லையோ, உங்களுக்கு மனம் இல்லையோ, எனக்கு இண்டைக்குத் தெரியவேணும்."

அம்மா கையைக் கழுவினார். "சின்னத்தம்பியருக்குப் பூசை பாக்க ஆசையாம். காலமை சொன்னவர்" என்றார்.

"அவரால இறங்க ஏலாதே."

"ஓம்" என்று சொல்லிவிட்டு அம்மா சாமியறைக்குள் போனார். பெரிய தாம்பாளம் ஒன்றை எடுத்து, எரிந்துகொண்டிருந்த அகல்களை ஒவ்வொன்றாய் அதில் அடுக்கத் தொடங்கினார்.

குலவீரசிங்கம் பின்னாலேயே வந்தார். குருவிடம் பேசுகிறோம் என்ற நினைப்பு அவருக்கு இருக்கவில்லை. சாமி விளக்கை நோயாளியின் அறைக்குக் கொண்டுபோவதா, எந்தச் சாத்திரத்தில் இருக்கிறது, பூசை நேரத்தில் சந்நிதியை இருட்டாக்க உங்களுக்கு எப்படிக் கை வந்தது என்று அடுக்கிக்கொண்டே போனார்.

"அங்க மலச்சட்டி இருக்கு, அம்மா" என்று முடித்தார்.

"கட்டிலுக்குக் கீழ தள்ளி வைச்சிட்டன்" என்றார் அம்மா.

குலவீரசிங்கம் உதவிக்குப் போகவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அம்மா தாம்பாளத்தோடு படியேறி இறங்கி, மறுபடி ஏறினார். புகை நெஞ்சுக்கு ஆகாது என்று அறைக்கு வெளியே, விறாந்தையின் மறுகோடியில், கட்டிலிலிருந்து தெரியும்படி விளக்குகளை வைத்தார். பூசைக்கு வந்திருந்த கம்பளிகள் எல்லாம் அவர் பின்னாலேயே மேலே போய்விட்டன. முருகனை இருட்டில் தனியே விடமுடியாது என்பதால், குலவீரசிங்கமும் படத்தைத் தூக்கிக்கொண்டு முணுமுணுத்தபடி ஏறினார். தீபாராதனையை அவரே காட்டினார். சின்னத்தம்பியர் கட்டிலில் கிடந்தபடி இரண்டு கையையும் தலைக்குமேல் கூப்பினார். அரோகரா என்று சொல்லப் பார்த்து, இருமி, மறுபடி சொன்னார்.

அப்போது கட்டிலடித் தகட்டுக்குள் டக் என்று ஒரு சத்தம் கேட்டது. பிறகு இன்னொன்று. குழாய்கள் முனகத் தொடங்கின.

எதுவோ வெடிக்கப் போகிறது என்று குலவீரசிங்கம் படி பாய்ந்து நிலவறைக்கு ஓடினார். ஒன்றும் வெடிக்கவில்லை. இத்தனை நாளும் மாலையானால் செத்துக் கிடந்த கொதிகலன் உறுமிக்கொண்டு எரிந்தது.

திரும்பி வரும் வழியில் சாமியறையை எட்டிப் பார்த்தார். கதவு திறந்தே கிடந்ததில் குளிர் உள்ளே வந்திருந்தது. இருட்டில் முருகன் இருந்த சுவரில் ஏதோ மினுங்கியது. கிட்டப் போனார். விளக்குப் படிக்கு நேர் மேலே, மாலை மாட்டவென்று அவரே பயன்படுத்திவந்த வெள்ளைப் பெட்டி. மாலையை விலக்கினார். கண்ணாடிக்குள் ஒரு சின்ன நெருப்புக் குறி எரிந்தது.

அது என்ன பெட்டி என்று தொழிற்சாலைக்காரருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. வீடு முழுக்கக் குளிரா சூடா என்று அந்த ஓர் இடத்தில்தான் பார்க்கும். அங்கே சூடு போதும் என்றால், கொதிகலனையும் பம்பையும் நிறுத்திவிடும். ஆனாலும் அவர் நம்பவில்லை. மேலே போய் ஓர் அகலைக் கொண்டுவந்து பெட்டிக்குக் கீழே பிடித்தார். கொஞ்ச நேரத்தில் நெருப்புக் குறி மறைந்தது. நிலவறை உறுமல் நின்றது. அகலைத் தள்ளிக் கொண்டுபோனார். பெட்டி ஆறியதும் உறுமல் மறுபடி வந்தது. இன்னொரு தரமும் செய்து பார்த்துவிட்டு, அகலை நூர்த்துவிட்டு இருட்டில் நின்றார்.

அவர் மேலே போகவில்லை. பாயை விரிக்கவும் இல்லை.

காலையில் சுகந்தினி வந்தாள். தகப்பனின் சாமான்களை அடுக்க வெறும் பெட்டி ஒன்றும் கொண்டுவந்திருந்தாள். கடைசி அறைக்குள் போனவள் தகட்டில் கையை வைத்துப் பார்த்தாள். கோட்டைக் கழற்றினாள். கழுத்துத் துண்டைக் கழற்றினாள். பிறகு கட்டிலில் ஏறித் தகப்பனுக்குப் பக்கத்தில் சாய்ந்து இருந்துவிட்டாள். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, வெறும் பெட்டியோடு தனியே திரும்பிப் போனாள்.

கார் போனதும் குலவீரசிங்கம் அம்மாவிடம் வந்தார். நடந்ததை எல்லாம் சொன்னார். சுவர்ப் பெட்டியைப் பற்றியும் சொன்னார்.

"உங்களுக்கு இது முதலே தெரியுமோ?"

"இல்லை. அவர் ஆசைப்பட்டவர், கொண்டுபோனன்" என்றார் அம்மா.

அதைத்தான் குலவீரசிங்கத்தால் தாங்க முடியவில்லை. தெரிந்துகொண்டு சும்மா இருந்தீர்கள் என்று சண்டை பிடிக்கக்கூட அம்மா இடம் வைக்கவில்லை. ஒன்றும் தெரியாத ஆள் ஒரு தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு போய்க் காரியத்தை முடித்துவிட்டார். மார்கழி முழுக்க மன்றாடியவருக்கு என்ன மிச்சம்?

"ஒவ்வொரு இரவும் கேட்டனான், அம்மா. அந்த மனிசன்ர அறைக் குளிர் போகவேணும் எண்டு, எனக்கெண்டு ஒண்டும் கேக்கேல்லை. இவ்வளவு விளக்கு. இவ்வளவு நாள். ஒண்டுகூட எங்கயும் போய்ச் சேரேல்லையோ?"



"அந்தச் சுவர்ப் பெட்டிக்குப் போய்ச் சேந்திருக்கு, அண்ணை" என்றார் அம்மா. "நீங்கள் படுத்திருந்த இடத்தில குளிரேல்லை எண்டு."